92 மாத ஆயுள் என்றார்கள்... இன்று 60-ஐத் தொடுகிறார்கள்! - ஹெச்.ஐ.வி-யோடு முதுமை காணும் நாமக்கல் வட்டாரமும், வழி காட்டிய சென்னை மருத்துவர்களும்

மோகனூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காவிரி. அடுத்து, கூட்டுறவு சர்க்கரை ஆலை, நாவலடி கருப்பசாமி, காந்தமலை முருகன், நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர் என்ற பெருமை. கரும்பும் வாழையும் கோரையும் விளையும் இந்த ஆற்றங்கரை ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. இது லாரி மண். பக்கத்தில் இருக்கும் நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள். அங்கிருந்து கிளம்பும் லாரிகளும் டேங்கர்களும் காஷ்மீர் வரை போகும். ஓட்டுநராகவோ கிளீனராகவோ போய் வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு.

1990-களில் அந்த நெடுஞ்சாலை வழியாகவே ஒரு நோயும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஹெச்.ஐ.வி பாதிப்பு மிக அதிகமாகப் பதிவான மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் இருந்தது. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்த ஆண்களுக்குத் தொற்று வந்தது. அவர்கள் மூலம், வீட்டை விட்டு வெளியே போகாத மனைவிகளுக்கும், சில வீடுகளில் பிறந்த குழந்தைக்கும் வந்தது. வியாதி என்ன என்று வாய்விட்டுச் சொல்லாமலேயே பல சாவுகள் நடந்து முடிந்தன.

அன்று 25, 30 வயதில் தொற்றோடு இருந்தவர்களில் சிகிச்சை கிடைத்துப் பிழைத்தவர்களுக்கு இன்று 55, 60 வயது. பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ‘இன்னும் எத்தனை மாசம்?’ என்று கேட்டவர்கள், இப்போது ‘முட்டி வலிக்குது, சுகர் ஏறுது, படி ஏறினா மூச்சு வாங்குது’ என்று சொல்கிறார்கள். கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த மாற்றத்துக்குப் பின்னால், சென்னையில் சில மருத்துவர்கள் செலவழித்த 40 ஆண்டுகள் இருக்கின்றன.

ஐஸ் பெட்டியில் வந்த உண்மை

1985-ம் ஆண்டின் இறுதி. ‘எய்ட்ஸ் எல்லாம் அமெரிக்காவின் வியாதி, நம் ஊருக்கு வராது’ என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் பரவலாக இருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுக்கு ஒரு தலைப்பைச் சொன்னார்: தமிழ்நாட்டில் ஹெச்.ஐ.வி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது.

நிர்மலாவுக்குத் தயக்கம் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப்போய் ரத்த மாதிரிகள் சேகரித்தார். மாதிரிகளை வைக்க வசதி இல்லாததால், அவர் வீட்டு ஃபிரிட்ஜே சேமிப்புக் கிடங்கானது. சென்னையில் பரிசோதனை வசதியும் இல்லை. 1986 பிப்ரவரியில், ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு கணவரோடு ரயிலேறி, வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் பரிசோதித்தபோது, ஆறு மாதிரிகளில் ஹெச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிச் செய்த மறுபரிசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

அந்த ஆய்வோடு நிர்மலாவின் வேலை முடிந்தது. பட்டம் பெற்று, பின்னாளில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றார். சுனிதிக்கு அதுதான் தொடக்கம்.

அரசு வேலையை விட்ட பேராசிரியர்

சுனிதி, சென்னையில் தோல் வியாபாரம் செய்த மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்று, 1973-ல் ஊர் திரும்பினார். கணவர் விக்டர் சாலமன் இதய அறுவை சிகிச்சை நிபுணர். வசதியான, மதிப்பான வாழ்க்கை.

ஆனால், ஹெச்.ஐ.வி நோயாளிகள் நடத்தப்பட்ட விதம் அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கட்டிலைத் தொடப் பணியாளர்கள் பயந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு மருத்துவர்கள் மறுத்தார்கள். உறவினர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். 1993-ல் அரசுப் பணியிலிருந்து விலகி, ‘ஒய்.ஆர்.ஜி. கேர்’ என்ற மையத்தைச் சென்னையில் ஆரம்பித்தார். சிகிச்சை, ஆலோசனை, ஆராய்ச்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ். யார் வந்தாலும் தொட்டுப் பேசுவது, அணைத்துக்கொள்வது என்பது அங்கே மருந்து எழுதுவதைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்தது.

மருந்து வந்து நோயாளிகள் பிழைக்கத் தொடங்கியதும் சுனிதிக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. கல்யாணத் தரகு! தொற்று உள்ள ஆணுக்கும் தொற்று உள்ள பெண்ணுக்கும் ஜோடி பார்த்துக் கல்யாணம் பேசினார். ‘சாகப்போகிறவருக்குக் கல்யாணமா?’ என்று ஊர் நினைத்திருக்கலாம். ‘இவர்கள் இன்னும் பல வருடம் வாழப்போகிறவர்கள், துணை வேண்டும்’ என்று நினைத்தார் மருத்துவர். ஹெச்.ஐ.வி-யோடு முதுமை என்ற ஒன்று வரப்போகிறது என்பதைத் தமிழ்நாட்டில் முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டவர்களில் அவர் ஒருவர் என்பதற்கு இந்தத் தரகு வேலையே சாட்சி. அவருடைய இந்தப் பணி பின்னாளில் ‘லவ்சிக்’ என்ற ஆவணப்படமாகவும் வந்தது.

2015 ஜூலை 28 அன்று கணையப் புற்றுநோயால் சுனிதி காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ விருது, அவர் மறைவுக்குப் பிறகு அறிவிக்கப்பட்டது.

594 பேரின் கணக்கு

சுனிதியோடு சேர்ந்து அந்த மையத்தில் நோயாளிகளைப் பார்த்தவர் டாக்டர் நா.குமாரசாமி. இன்று சென்னை தரமணியில் உள்ள வி.ஹெச்.எஸ் மருத்துவமனையின் தொற்றுநோய் மருத்துவ மையத்தை வழிநடத்துபவர். காலையில் நோயாளி, மாலையில் புள்ளிவிவரம் என்று இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் மருத்துவர்-ஆய்வாளர் வகையைச் சேர்ந்தவர்.

அந்தக் காலத்தில் ஹெச்.ஐ.வி பற்றிய பாடப்புத்தகங்கள் எல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளைப் பார்த்து எழுதப்பட்டவை. நம் ஊர் உடம்பில் இந்த நோய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. குமாரசாமி, சுனிதி மற்றும் குழுவினர் 594 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2003-ல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். தென்னிந்திய நோயாளிகளைப் பாதித்த முக்கியத் தொற்று நுரையீரல் காசநோய் என்பதை அது காட்டியது. தொற்று கண்டறியப்பட்ட பிறகு சராசரியாக வாழ்ந்த காலம் 92 மாதங்கள். அதாவது, எட்டு வருடம்கூட முழுசாக இல்லை.

அந்த எண்ணை மாற்றியவை இரண்டு நிகழ்வுகள். 2001-ல், மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் கொண்ட கூட்டு சிகிச்சையை நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தருவதாக அறிவித்தது. அதுவரை மேலை நாட்டு நிறுவனங்களின் விலை வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல். அடுத்தது, 2004 ஏப்ரல் 1. இந்திய அரசு இலவசமாகக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கிய நாள். முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மக்கள் வாயில் ‘தாம்பரம் சானடோரியம்’. பிறகு படிப்படியாக மாவட்டங்களுக்கும் ஏ.ஆர்.டி மையங்கள் வந்தன. நாமக்கல் அரசு மருத்துவமனையிலும் வந்தது. மோகனூர்க்காரர் ஒருவர் இனி மெட்ராஸுக்குப் போக வேண்டியதில்லை. நாமக்கல் பஸ் ஏறினால் போதும் என்ற நிலை உருவானது.

வீட்டுக்குள் வந்த தொற்று

லாரித் தொழில் ஊர்களில் ஹெச்.ஐ.வி-யின் பாரத்தை அதிகம் சுமந்தவர்கள் பெண்கள். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி இதை வெளிப்படையாகப் பேசியவர். 1995-ல் திருமணம். கணவர் மூலம் தொற்று. அப்போது அவருக்கு 20 வயதுதான். சில மாதங்களிலேயே கணவரை இழந்தார். முகத்தை மறைக்காமல் பேட்டி கொடுத்து, 1998-ல் வேறு சில பெண்களோடு சேர்ந்து ‘பாசிட்டிவ் வுமன் நெட்வொர்க்’ அமைப்பைத் தொடங்கினார். அன்றைய இளம் விதவைகளின் தலைமுறைதான் இப்போது ஐம்பதைக் கடந்துகொண்டிருக்கிறது.

கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தால் மற்றவரை எப்படிக் காப்பாற்றுவது? இதற்கான பதிலைத் தேடிய உலக ஆய்விலும் சென்னைக்குப் பங்கு உண்டு. ‘ஹெச்.பி.டி.என் 052’ என்ற அந்த ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 தம்பதிகள் பங்கேற்றார்கள். இந்தியாவிலிருந்து சென்னையும் புனேயும். தொற்று உள்ளவருக்கு சீக்கிரமே மருந்து கொடுத்துவிட்டால், துணைக்குப் பரவுவது 96 சதவிகிதம் குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. மருந்து என்பது சாப்பிடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும் காப்பு என்பது நிரூபணமானது.

2015-ல் வெளியான ‘ஸ்டார்ட்’ ஆய்வு இன்னொரு கேள்வியை முடித்துவைத்தது. அதுவரை நோய் எதிர்ப்பு செல்களான சி.டி4 எண்ணிக்கை குறையும் வரை காத்திருந்து மருந்து தொடங்குவது வழக்கம். தாமதிக்காமல் உடனே தொடங்கினால், கடும் நோயும் மரணமும் பாதிக்கு மேல் குறைகின்றன என்று 4,685 பேரிடம் நடந்த அந்த ஆய்வு சொன்னது. 2017-ல் இந்தியாவும் ‘பரிசோதனையில் தெரிந்தவுடன் சிகிச்சை’ என்ற கொள்கைக்கு மாறியது.

வைரஸ் அடங்கிவிட்டது... பிறகு ஏன் மாரடைப்பு?

இங்கேதான் கதையின் அடுத்த பாகம் தொடங்குகிறது. தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. எடை ஏறிவிட்டது. வேலைக்கும் போகிறார். ஆனால், ஐம்பதை ஒட்டி மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, எலும்புத் தேய்மானம் போன்றவை ஹெச்.ஐ.வி உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகவும், சில நேரம் முன்கூட்டியும் தெரிகின்றன. உலகம் முழுக்க மருத்துவர்கள் கவனித்த விஷயம் இது. மற்றவர்களுக்கு 60-ல் ‘மூத்த குடிமகன்’ என்றால், ஹெச்.ஐ.வி ஆய்வுகளில் 50 வயதிலேயே முதுமைக் கணக்கு தொடங்கிவிடுகிறது.

காரணங்கள் மூன்று.

முதலாவது, வைரஸ். மருந்து அதை அடக்கிவைக்கிறது, முழுவதுமாக வெளியேற்றுவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் சாம்பலுக்கு அடியில் தணல் கனன்றுகொண்டிருப்பதைப் போல, உடம்புக்குள் மெல்லிய அழற்சி ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. அது ரத்தக் குழாய்களின் உட்சுவரை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது.

இரண்டாவது, பழைய மருந்துகள். ஆரம்ப வருடங்களில் உயிரைக் காப்பாற்றிய ஸ்டாவுடின் மாத்திரை பலருக்குக் கன்னத்தையும் கை கால்களையும் ஒட்டிப்போக வைத்தது. முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடுமோ என்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. தென்னிந்திய நோயாளிகளிடம் இந்தக் கொழுப்புக் கரைவு அதிகமாக இருப்பதை 2004-லேயே சென்னைக் குழு பதிவு செய்தது. அடுத்து வந்த டெனோஃபோவிர் பல வகையில் மேலானது. ஆனால், சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பதம் பார்க்கக்கூடியது. இப்போது அரசு மையங்களில் தரப்படும் டோலுடெக்ராவிர் அடங்கிய ஒற்றை மாத்திரை வீரியமானது, பாதுகாப்பானது. சிலருக்கு மட்டும் எடை கூடுகிறது, சர்க்கரையைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வாழ்க்கை. வருடக்கணக்கில் இரவு ஓட்டம், பீடி, வெற்றிலை புகையிலை, நேரம் கெட்ட சாப்பாடு, மன அழுத்தம். இவை எல்லாம் சேர்ந்துதான் ஐம்பதில் பில் போடுகின்றன.

மாரடைப்பைத் தடுக்க முடியுமா என்று கேட்ட பெரிய ஆய்வு, ‘ரிப்ரீவ்’. அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளிப் பேராசிரியர் ஸ்டீவன் கிரின்ஸ்பூன் தலைமையில், இந்தியா உட்பட 12 நாடுகளில் நடந்தது. ஹெச்.ஐ.வி-க்கு மருந்து எடுக்கும் 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேர் பங்கேற்றார்கள். வழக்கமான கணக்குப்படி பார்த்தால் இவர்கள் யாருக்கும் மாரடைப்பு ஆபத்து அதிகம் இல்லை. பாதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்ததில், ஸ்டாடின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய பாதிப்புகள் 35 சதவிகிதம் குறைந்திருந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள்.

இதன் அர்த்தம், எல்லோரும் நாளைக்கே மெடிக்கலில் போய் ஸ்டாடின் வாங்க வேண்டும் என்பதல்ல. ஸ்டாடின் எடுத்தவர்களில் புதிதாக சர்க்கரை நோய் வந்தவர்கள் சற்று அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால், ஹெச்.ஐ.வி சிகிச்சை என்பது இனி வைரஸ் எண்ணிக்கையோடு முடிவதில்லை, இதயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

ஒரே வீட்டில் இரண்டு மாத்திரைப் பைகள்

இந்த ஆராய்ச்சி எல்லாம் மோகனூர் பக்கம் ஒரு கிராமத்து வீட்டை எட்டும்போது என்ன ஆகிறது? ஓர் உதாரணத்துக்காக, 58 வயது அம்மா ஒருவரை எண்ணிக்கொள்வோம். கணவர் இல்லை. மகன் திருப்பூரில் வேலை. கரும்புக் காட்டு வேலை, நூறு நாள் வேலை என்று காலம் ஓடுகிறது. இவருக்கு இரண்டு வழிகளில் மாத்திரை வருகிறது.

ஒன்று, நாமக்கல் ஏ.ஆர்.டி மையத்திலிருந்து. இதற்கு அவரே பஸ் ஏறிப் போக வேண்டும். இன்னொன்று, வீட்டு வாசலுக்கே வருவது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் தன்னார்வலர் கொண்டுவந்து தரும் மாத்திரைகள். முதல் பை அரிசி டிரம்முக்குள் ஒளிந்திருக்கும். இரண்டாவது பை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். முதல் பையைப் பற்றி இரண்டாவது பையைக் கொடுப்பவருக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அந்த அம்மா இத்தனை வருடம் பார்த்துக்கொண்டார்.

ரகசியம் மானத்தைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால், முதுமையில் அதே ரகசியம் ஆபத்தாக மாறுகிறது. எப்படி?

சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினை டோலுடெக்ராவிரோடு சேர்த்து எடுத்தால், ரத்தத்தில் மெட்ஃபார்மினின் அளவு கூடுகிறது. அதனால் பொதுவாக ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று மருத்துவர்கள் கட்டுப்படுத்துவார்கள். ஹெச்.ஐ.வி மருந்து எடுப்பது தெரியாத மருத்துவர் எப்படிக் கட்டுப்படுத்துவார்?

எலும்புக்குத் தரும் கால்சியம், ரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரைகள் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பிரச்னை இல்லை. வெறும் வயிற்றில் என்றால், ஹெச்.ஐ.வி மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னதாகவோ, ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் டானிக்குக்கும் இதே இரண்டு மணி, ஆறு மணி இடைவெளி தேவை. அது சாப்பாட்டோடு எடுத்தாலும்கூட.

முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நாள்கணக்கில் எடுத்தால், டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர்களுக்கு வலி மாத்திரை காபி டீ மாதிரி பழக்கமாகிவிடுகிறது என்பதால், எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் இடம் இது.

முதல் கட்ட மருந்து பலன் தராமல், ரிட்டோனவிர் சேர்ந்த இரண்டாம் கட்ட மருந்துக்கு மாறியவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கொழுப்புக்குத் தரும் சில ஸ்டாடின்கள் இவர்களுக்கு ஆகவே ஆகாது. மூட்டில் போடும் சில ஸ்டீராய்டு ஊசிகளும், ஆஸ்துமாவுக்கான சில ஸ்டீராய்டு இன்ஹேலர்களும்கூட உடம்பில் அளவுக்கு மீறித் தங்கிவிடும்.

இதற்கெல்லாம் தீர்வு புதிய கண்டுபிடிப்பு அல்ல. எல்லா மருந்துச் சீட்டுகளையும், மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை ஏ.ஆர்.டி மையத்துக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டினாலே போதும். அங்கே ரகசியம் எதுவும் இல்லை. அங்கிருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். எந்த மாத்திரையோடு எது சேரும், எது சேராது என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

ஐம்பதைக் கடந்தால் கேட்க வேண்டியவை

பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் (கிரியாட்டினின்) ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை எப்போது செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சி.டி4, வைரஸ் அளவு இரண்டும் சரியாக இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம்.

பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஹெச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இலவசம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். 594 பேர் ஆய்வு சொன்ன காசநோய் எச்சரிக்கை இன்றும் மாறவில்லை.

பீடி, சிகரெட், புகையிலையை விடுவது, எந்த மாத்திரையும் தர முடியாத பாதுகாப்பை இதயத்துக்குத் தரும்.

தூக்கமின்மை, மறதி, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவற்றை ‘வயசாச்சு’ என்று ஒதுக்கிவிடாமல் ஆலோசகரிடம் சொல்லுங்கள். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை உண்டு.

முக்கியமாக, உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஏ.ஆர்.டி மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

யார் பார்த்துக்கொள்வார்கள்?

மருத்துவத்தால் தர முடியாத ஒன்றும் முதுமைக்குத் தேவைப்படுகிறது: ஆள் துணை. அன்று கணவரை இழந்த பெண்களில் பலரைப் புகுந்த வீடு ஏற்கவில்லை. சொத்தில் பங்கும் தரவில்லை. பிறந்த வீட்டிலும் அண்ணன் தம்பி குடும்பத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்ந்தவர்கள் உண்டு. கண் மங்கி, கால் தளர்ந்து, மாதாமாதம் பஸ் ஏறி மருந்து வாங்க முடியாத நாள் வரும்போது யாரிடம் சொல்லி அனுப்புவது? ‘என்ன மாத்திரை இது?’ என்று மருமகள் கேட்டால் என்ன சொல்வது?

சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சை, வேலை, கல்வி, தங்குமிடம், சொத்துரிமை எதையும் மறுக்க முடியாது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய ஹெச்.ஐ.வி நிலையை வெளியே சொல்லவும் கூடாது. சந்தேகம் எதுவாக இருந்தாலும் 1097 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களிலும் ஆலோசனை இலவசம்.

ஆனால், வீட்டுக்குள் சட்டம் கொஞ்ச தூரம்தான் வரும். மீதியைக் குடும்பமும் ஊரும்தான் செய்ய வேண்டும். ஒன்றாகச் சாப்பிடுவதாலும், குளிப்பாட்டி விடுவதாலும், கை பிடித்து நடக்க வைப்பதாலும் ஹெச்.ஐ.வி பரவாது. ஒழுங்காக மருந்து எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், தாம்பத்ய உறவின் மூலமும் துணைக்குப் பரவாது. இத்தனை ஆண்டு ஆராய்ச்சி இதை ஐயமறச் சொல்கிறது. ஒரு பாட்டியின் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதில் பேரனுக்கோ பேத்திக்கோ எந்த ஆபத்தும் இல்லை.

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் சுவர்களில் எல்லாம் புள்ளி ராஜாவைப் பற்றி ஒரு கேள்வி ஒட்டப்பட்டிருந்தது. எய்ட்ஸ் வருமா, வராதா என்பதுதான் அன்றைய கவலை. இன்று இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிறார்கள், தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஐம்பதைக் கடப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போவார்கள். அது கவலைப்பட வேண்டிய செய்தி அல்ல. சிகிச்சை ஜெயித்திருக்கிறது என்பதன் அடையாளம்.

92 மாதங்களை 30 வருடங்களாக நீட்டித் தந்தது மருத்துவம். அந்த வருடங்களை வலியில்லாமல், ஒளிந்துகொள்ளாமல், நாலு பேரோடு சேர்ந்து வாழ வைப்பது ஏ.ஆர்.டி மையத்தின் வேலை மட்டுமல்ல. பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை, பக்கத்து வீட்டின் வேலை. அரிசி டிரம்முக்குள் ஒளிந்திருக்கும் அந்த முதல் மாத்திரைப் பை, அலமாரியில் இருக்கும் இரண்டாவது பையோடு வந்து சேரும் நாளில்தான், ஐஸ் பெட்டியோடு தொடங்கிய அந்த வேலை முழுமை அடையும்.